வயதைக் கேட்காத சட்டம்

எமது நாட்டில் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் 1939ஆம் ஆண்டு முதல் உண்டு. அது இயற்றப்பட்டபோது 14 வயதுக்குக் குறைந்தவர் சிறுவர் எனப்பட்டார். 16 நிறையாதவர் இளம் ஆள் எனப்பட்டார். களவில் பிடிபட்ட பையனுக்கும் சிறுவர் நீதிமன்றம், நன்னடத்தை அலுவலர், சான்றுபெற்ற பாடசாலை என்று வேறொரு பாதை இருக்கிறது. பொலிசாரிடம் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அது வழக்கில் சான்றாகாது.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இப்பாதையை அடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் அதன்கீழ் சான்றாகும். பயமுறுத்தி வாங்கியதென்றால் அதை நிரூபிக்க வேண்டியவன் பிடிபட்டவனே. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் இப்பிரிவைத் தொடவில்லை. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் சுற்றிவளைப்புகள் எங்கு நடந்தன என்பதை எழுவான்கரையும் படுவான்கரையும் அறியும். 2019க்குப் பின் முஸ்லிம் இளைஞரும் அறிவர்.

1993 யூலையில் இம்மாவட்டத்துச் சுற்றிவளைப்பொன்றில் சுமார் 150 தமிழ் ஆண்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் சிங்கராசா. தமக்கு விளங்காத சிங்களத்தில் தட்டச்சான தாளில் அவரது பெருவிரல் அடையாளம் இடப்பட்டது. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. விசாரணை நீதியானதல்ல என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு கூறியது. 2006இல் எமது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மீசை அரும்பாத பையன்களுக்கும் சட்டம் இதுவேதான்.

புனர்வாழ்வு என்ற பெயரும் காப்பாற்றவில்லை. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவௌ முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பொலிசார் நிற்கக் கும்பலொன்று புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்றது. அங்கிருந்தோரில் சிறுவரும் அடங்குவர். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் ஐவரும் விடுதலை.

இடம்பெயர்ந்து வாழும் நீங்கள் விதைநெல்லைக் காப்பதுபோலப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் காக்க வேண்டும். வயதை நிரூபிக்கத் தாள் இல்லாதபோது, வளர்ந்த பையன் பெரியவனாகவே எண்ணப்படுகிறான். ஓட்டத்தில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பாடசாலைச் சேர்வுப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு (எமது பழைய பதிவேடுகள் இதற்காவது உதவட்டும்) ஆகியவற்றின் பிரதிகளையும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

பிள்ளையைக் கொண்டுபோனால், யார், எங்கே, எந்தச் சட்டத்தின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். இச்சட்டத்தின்கீழ் நடக்கும் கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். பொலிசார் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் நீங்களே மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போய் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு வாங்கி வாருங்கள்.