வளர்ப்பு நாயின் உருவப்படம்

பேசின் பிரிட்ஜில் எமக்கு அயலவராகிய முதியவர் ஒருவர், இறந்துபோன தம் நாயின் உருவத்தை வரைந்து தருமாறு சென்ற ஆண்டு எம்மை வேண்டினர். மங்கிய புகைப்படம் ஒன்றே ஆதாரம். யாம் கண்களைப் பெரிதாக்கி, அவற்றில் நீர் ததும்புமாறு தீட்டிக் கொடுத்தோம். அவர் நெடுநேரம் நோக்கி, "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது எங்க மணி இல்லையே" என்றார். அச்சொல்லே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது.

ஆங்கில ஓவியர் லாண்ட்சீர் 1837-ல் தீட்டிய படமொன்றில், இறந்த இடையனின் சவப்பெட்டிமேல் அவன் நாய் மோவாயைச் சாய்த்துக் கிடக்கின்றது. அறையில் வேறெவரும் இலர். நாய்க்கு மனித முகத்தை ஏற்றாது, அது பெட்டியோடு உடலை ஒட்டிநிற்கும் நிலையாலேயே துயரைப் புலப்படுத்தினமையின், ரஸ்கின் இதனைப் பெரிதும் பாராட்டினர். அவ்வோவியரே பிறிதொரு படத்தில் நாயை நீதிபதியாக அமர்த்தினர். ஆண்டு யாம் நகைக்கின்றோம், நாயைக் காண்கிலோம்.

இசைத்தட்டுக்களால் நம் வீடுகள்தோறும் புகுந்த நிப்பர் என்னும் நாயின் கதையும் அறியத்தக்கது. பிரான்சிஸ் பரோ அதனைத் தீட்டியது, அது 1895-ல் இறந்த பின்னரே. தலையை ஒருபுறம் சாய்த்துக் கேட்கும் அவ்வொரு நிலையே படத்திற்கு உயிர். 1899-ல் கிராமபோன் கம்பெனியார் அதனை வாங்கியபோது, முதலில் இருந்த உருளைக் கருவியை மறைத்துத் தம் கருவியை எழுதுவித்தனர். கருவி மாறிற்று, நாய் மாறவில்லை!

இவற்றிற்கெல்லாம் ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னரே, மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில், தமிழர் நாயொன்றைக் கல்லிற் பொறித்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில், எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. கல்வெட்டு கூறுவது அவ்வளவே. அதன் அன்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெயரும் செயலும் உள. எமக்கு அதுவே மிகுதியாகத் தோன்றுகின்றது.

நாயின் முகத்தில் இரக்கத்தைக் காண்பது நம் கற்பனை மட்டுமன்று. உட்புருவத்தை உயர்த்தும் தசை நாய்க்கு நன்கு வளர்ந்துள்ளது. ஓநாய்க்கு அவ்வாறில்லை என 2019-ல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே புருவத்தை உள்ளவாறு வரைந்தாற் போதும். கண்ணீரை நாம் சேர்க்க வேண்டுவதில்லை.

படம் பெறும் நாய்கள் மிகச் சிலவே என்பதையும் எம்மூரில் மறத்தற்கியலாது. தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, 1996 முதல் கருத்தடை முறையைக் கைக்கொண்டது; அதற்குரிய நிலையங்களுள் ஒன்று பேசின் பிரிட்ஜிலேயே உள்ளது. அங்குக் கொணரப்படும் நாய்களின் முகத்தை எவரும் வரையக் கேட்பதில்லை.

முதியவரிடம் மீண்டும் சென்றோம். மணி எவ்வாறு படுக்கும், எக்காது மடியும் என வினவினோம். இடக்காது என்றார், முன்னொருகால் மற்றொரு நாய் கடித்ததாம். வாயிற்படியில் ஒரு முன்காலை வெளியே நீட்டிக் கிடக்கும் என்றார். அவ்வண்ணமே, கண்ணீரின்றி, கரிக்கோலால் வரைந்து கொடுத்தோம். அவர் ஒன்றும் கூறவில்லை. நாட்காட்டி மாட்டியிருந்த ஆணியில் நாட்காட்டியைக் கழற்றிவிட்டுப் படத்தை மாட்டினார்.