டிராகன் படகில் பத்தாவது இடம் யாருக்கு?

ஒரு படகில் பத்துப் பேருக்குத்தான் இடம். தகுதியானவங்க பதினைந்து பேர் இருக்காங்க. யாரை ஏத்துறது, யாரைக் கரையில் விடுறது?

கேட்க எளிமையாத்தான் இருக்கு. டிராகன் படகுப் போட்டி பற்றி வாசிச்சு எழுதி வச்ச குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தா, பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கு. ஓட்டப்பந்தயத்தில் பத்துப் பேரை ஓடவிட்டு முதல் மூணு பேரை எடுத்தா வேலை முடிஞ்சுது. இங்கே அப்படி எடுக்க முடியாது. ஏன் முடியாதுங்கிறதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் படகு

வழக்கமான டிராகன் படகில் 22 பேர். இருபது பேர் துடுப்பு போடுவாங்க, ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து மேளம் அடிப்பார், ஒருத்தர் பின்னால் நின்னு சுக்கான் பிடிப்பார். இதிலேயே சின்னப் படகும் உண்டு. அதில் துடுப்பு போட பத்துப் பேர், மேளம், சுக்கான் சேர்த்து 12 பேர். துடுப்பு படகோடு பூட்டப்பட்டிருக்காது, கையிலேயே இருக்கும். ஆலப்புழை நேரு டிராபி வள்ளம்களியை டிவியில் பார்த்திருப்பீங்க, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஜோடி ஜோடியா, முன்னால் பார்த்தபடி உட்காருவாங்க. ஒருத்தர் இடப்பக்கம் மட்டும், பக்கத்தில் இருப்பவர் வலப்பக்கம் மட்டும் போடுவார்.

சீனாவில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் பண்டிகையோட ஒட்டிய பழைய வழக்கம் இது. நவீன சர்வதேசப் போட்டி 1976-ல் ஹாங்காங்கில் தொடங்குச்சு. சர்வதேசக் கூட்டமைப்பு 1991-ல் வந்தது. ஆசிய விளையாட்டில் 2010 குவாங்சோவில் முதன்முறையா பதக்கப் போட்டியாச்சு.

இடம் வலம்னு பிரிஞ்சிருக்கிறதே தேர்வில் முதல் சிக்கல். பெரிய படகுக்குத் தேவை 'சிறந்த இருபது பேர்' இல்லை; இடப்பக்கம் சிறந்த பத்து, வலப்பக்கம் சிறந்த பத்து. இடப்பக்கத்தில் பதினொன்றாவதா வந்து வெளியே போறவர், வலப்பக்கத்தில் பத்தாவதா உள்ளே வந்தவரைவிட பலசாலியா இருக்கலாம். அதனால்தான் இரண்டு பக்கமும் போடத் தெரிஞ்சவங்களுக்கு மதிப்பு கூடுது.

அப்புறம் எடை. ஆள் கனமா இருந்தா படகு கூடுதலா அமுங்கும், தண்ணீரின் எதிர்ப்பும் கூடும். எவ்வளவு இழுக்கிறார்னு மட்டும் பார்த்தா போதாது, தன் எடைக்கு எவ்வளவு இழுக்கிறார்னும் பார்க்கணும். இடத்துக்கு இடம் வேலையும் மாறும். முன் வரிசை ஜோடிகள் தாளத்தைப் பிடிச்சுக் கொடுக்கணும். நடுவில் படகு அகலம், அங்கே பெரிய உடம்புக்காரங்க. பின்னால் இருப்பவங்களுக்கு ஏற்கெனவே கலங்கி ஓடும் தண்ணீர்தான் கிடைக்கும், அதைப் பிடிக்க வேகமான கை வேணும்.

எப்படி அளக்கிறாங்க?

பொதுவா மூணு வழி.

ஒண்ணு, ஜிம் சோதனை. புல்-அப் எத்தனை, எவ்வளவு எடையை இழுக்க முடியும், துடுப்பு எர்கோமீட்டரில் இரண்டு நிமிடம் எவ்வளவு சக்தி வருது. எண் தெளிவா கிடைக்கும். ஆனா எந்திரத்தில் தண்ணீர் இல்லை. எந்திரத்தில் அசுர பலம் காட்டுறவர் படகில் துடுப்பைத் தப்பான கோணத்தில் இறக்கி, பாதி பலத்தை வீணாக்கலாம்.

இரண்டு, தனிப்படகு ஓட்டம். பக்கத்தில் மிதவை கட்டிய ஒற்றை ஆள் படகில் குறிப்பிட்ட தூரத்தை நேரம் பார்த்து ஓட்டச் சொல்றது. பலமும் நுட்பமும் சேர்ந்து தெரியும். ஆனா கூட்டத்தோடு ஒத்துப் போவாரான்னு தெரியாது.

மூணு, ஆள் மாற்றிப் பார்க்கிறது. இரண்டு படகை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு படகிலும் ஒரே ஒரு ஆளை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுறது. நேர வித்தியாசம் அந்த ஆளால் வந்ததுன்னு எடுத்துக்கலாம். கேட்க நியாயமான முறை. இதில்தான் ஒரு கணக்குச் சிக்கல் ஒளிஞ்சிருக்கு.

தண்ணீரில் ஓடும் படகுக்குத் தேவையான சக்தி, தோராயமா வேகத்தின் மும்மடிக்கு ஏற்றபடி ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் சக்தி வேணும். இதையே திருப்பிப் போடுங்க: சக்தி 1 சதவீதம் கூடினா வேகம் மூணில் ஒரு பங்கு சதவீதம்தான் கூடும். இருபது பேர் இருக்கும் படகில் ஒருத்தரை எடுத்துட்டு, அவரைவிட 20 சதவீதம் பலசாலியை உட்கார வைக்கிறோம். மொத்த சக்தியில் கூடுறது 1 சதவீதம். இரண்டு நிமிட ஓட்டத்தில் மிச்சமாவது 0.4 நொடி. ஒரு காற்று அடிச்சா, இரண்டாவது ஓட்டத்தில் எல்லாரும் கொஞ்சம் களைச்சிருந்தா, அந்த 0.4 நொடி காணாமப் போயிடும்.

அப்போ ஒரு ஆளால் பெரிய வித்தியாசம் இல்லைன்னு விட்டுடலாமா? அதுக்குப் பதில் 2018-ல் இருக்கு.

ஒரு மீட்டர்

2018 ஆசிய விளையாட்டின் டிராகன் படகுப் போட்டிகள் இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில் நடந்தது, 12 பேர் படகில். வடகொரியாவும் தென்கொரியாவும் சேர்ந்து ஒரே அணியா இறங்கினாங்க. ஆகஸ்ட் 25-ல் பெண்கள் 200 மீட்டரில் வெண்கலம். மறுநாள் 500 மீட்டரில் தங்கம். பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் ஒரு சர்வதேசப் போட்டியில் ஒன்றுபட்ட கொரியா வாங்கிய முதல் தங்கம் அதுதான். இரண்டு நாட்டுத் தேசிய கீதத்துக்கும் பதிலா 'அரிராங்' நாட்டுப்பாடலை ஒலிக்க விட்டாங்க.

நேரம் 2 நிமிடம் 24.788 நொடி. இரண்டாவது வந்த சீனா 2 நிமிடம் 25.092 நொடி. வித்தியாசம் 0.304 நொடி. படகின் வேகம் நொடிக்குச் சுமார் மூன்றரை மீட்டர், ஆக இடைவெளி ஒரு மீட்டர் சொச்சம்.

மேலே போட்ட கணக்கை இங்கேயும் போடலாம். 0.304 நொடிங்கிறது மொத்த நேரத்தில் 0.21 சதவீதம். அதை ஈடுகட்டத் தேவையான கூடுதல் சக்தி 0.63 சதவீதம். துடுப்பு போடுறவங்க பத்துப் பேர்ங்கிறதால், ஒரே ஒருத்தர் 6 சதவீதம் கூடுதலா இழுத்தா அந்த இடைவெளி மூடிடும். அதாவது தங்கமா வெள்ளியாங்கிறதை பத்தாவது இடத்தில் யார் உட்கார்ந்தாங்கங்கிறதே தீர்மானிச்சிருக்க முடியும். ஆனா பயிற்சிக் களத்தில் அந்த 6 சதவீதத்தை உறுதியா அளக்கிறது ரொம்பக் கஷ்டம். தேர்வாளரின் தலைவலி மொத்தமும் இந்த இரண்டு வரிக்குள்ள அடங்கிடும்.

ஒரு மாதத்துக்குள்ள அணி

வடக்கு வீராங்கனைகள் தெற்குக்கு வந்து சேர்ந்தது ஜூலை கடைசியில். சுங்ஜு நகரத்து ஏரியில் பயிற்சி. கொரியாவில் வெயில் சாதனை படைச்ச கோடை அது. போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

இவ்வளவு குறைந்த காலத்தில் பலத்தை ஏற்ற முடியாது, வந்த பலத்தோடதான் போகணும். நேரத்தை ஒத்திசைவில் செலவு பண்ணலாம். நிமிடத்துக்கு 70 முறை துடுப்பு போடுறாங்கன்னு வச்சுக்குவோம். ஒரு முறைக்கு 0.86 நொடி. அதில் ஒருத்தர் பத்தில் ஒரு நொடி பிந்தினா, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு பிந்துறார். மற்றவங்க இழுத்து முடிக்கும்போது இவர் இன்னும் தண்ணீரில் துடுப்பை வச்சிருப்பார், முன்னால் போற படகுக்கு அது பிரேக்.

புதுசா பார்க்கிறவங்க மேளம்தான் தாளம்னு நினைப்பாங்க. நடைமுறையில் பெரும்பாலும் முதல் ஜோடிதான் தாளம் வைக்குது, மேளம் அடிப்பவர் அவங்களைப் பார்த்து அதைப் பின்னால் கடத்துறார். பின்னால் இருக்கிறவங்க மேளச் சத்தத்தைக் கேட்டுப் போட்டா தாமதமாயிடும். அதனால் கண்ணை முன்னால் வச்சு, முதல் ஜோடியின் கையோட தங்கள் கையை இறக்கப் பழகணும். பழகலைன்னா துடுப்புகள் மரவட்டைக் கால் மாதிரி முன்னிருந்து பின்னுக்கு அலையலையா இறங்கும். கரையிலிருந்து பார்க்க அழகு, படகுக்கு நஷ்டம்.

இதை அதே 2018 பிப்ரவரி பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கோடு ஒப்பிடலாம். அங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கியில் ஒன்றுபட்ட அணி. போட்டிக்கு இரண்டு வாரம் சொச்சம் இருக்கும்போது 12 வடகொரிய வீராங்கனைகள் சேர்க்கப்பட்டாங்க, ஒவ்வொரு ஆட்டத்திலும் மூணு பேராவது ஆடணும்னு ஏற்பாடு. ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோல்வி. சேர்ந்ததால்தான் தோற்றாங்கன்னு சொல்ல வரலை, மற்ற அணிகள் பலமானவை. ஆனா ஹாக்கியில் ஒவ்வொரு நொடியும் புதுசா ஒரு முடிவெடுத்து அதை மற்றவருக்குச் சொல்லணும். வடக்கும் தெற்கும் ஆட்டச் சொற்களையே வேற வேறயா வச்சிருந்ததால், சொல் பட்டியல் தயாரிச்சுக் கொடுக்க வேண்டியிருந்துச்சு. படகில் முடிவெல்லாம் கரையிலேயே எடுத்தாச்சு. தொடக்கத்தில் நீளமா ஆழமா சில துடுப்பு, பிறகு வேகம் ஏற்றுறது, நடுவில் நிதானம், கடைசியில் மறுபடி ஏற்றம். அதுக்கப்புறம் தேவை ஒரே தாளம், அதுக்கு அகராதி வேண்டாம்.

வெளியே நின்னவங்க

இரண்டு நாடு சேர்ந்தாலும் படகில் இடம் பத்துதான். தனித்தனியா போயிருந்தா துடுப்பு பிடிச்சிருக்கக்கூடிய சிலர், அந்தத் தங்கத்தைக் கரையிலிருந்தோ வீட்டிலிருந்தோ பார்த்திருப்பாங்க. ஹாக்கி அணி விஷயத்தில் தென்கொரியாவில் இதுக்காகவே பெரிய எதிர்ப்பு எழுந்துச்சு, குறிப்பா இளைஞர்கள் கிட்ட. உழைச்சு வாங்கின இடத்தை அரசியல் எடுத்துக்குதேங்கிற கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அரசியல் இல்லாத நாட்டிலும் வேற வடிகட்டி உண்டு. டிராகன் படகு ஒலிம்பிக் பதக்கப் போட்டி இல்லைங்கிறதால், பல நாடுகளில் தேசிய அணிக்குத் தேர்வானவரே விமானச் செலவையும் பயிற்சி முகாம் செலவையும் கைக்காசில் போடணும். வேலைக்குப் போய்க்கிட்டே, விடியற்காலையில் தண்ணீரில் இறங்குறவங்கதான் அதிகம். அங்கே பத்தாவது இடத்தைச் சில நேரம் புல்-அப் எண்ணிக்கை தீர்மானிக்காது, லீவும் வங்கிக் கணக்கும் தீர்மானிக்கும்.

அதனால் ஒரு தேர்வுக்குழுவால் செய்ய முடிஞ்ச நேர்மையான வேலைன்னு நான் நினைக்கிறது இது: எந்தச் சோதனைக்கு எவ்வளவு மதிப்பெண்ணு முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் கொடுக்கணும், ஒரே சோதனையை வேற வேற நாளில் பல முறை நடத்தணும். கடைசி ஓரிரு இடங்களை எண்ணால் பிரிக்க முடியாத நிலை வந்தா, பயிற்சியாளர் தன் கணிப்பில்தான் எடுக்கப்போறார்னு ஒளிக்காம சொல்லணும். பதினொன்றாவது ஆளுக்கு இடம் கிடைக்கலைன்னாலும், ஏன் கிடைக்கலைங்கிற விவரமாவது கிடைக்கணும். ஏன்னா அடுத்த தேர்வுக்கும் அவர் வந்தாத்தான், பத்தாவது ஆள் அந்த 6 சதவீதத்துக்காக உழைப்பார்.