தரைமட்டத்தில் வசந்தப் பூக்கள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பனி உருகியதும், சருகுகளுக்கு இடையே பிளட்ரூட், ஹெப்பாட்டிக்கா, ஸ்பிரிங் பியூட்டி போன்ற சிறு செடிகள் பூக்கின்றன. மேலே மரங்கள் தளிர்த்து நிழல் கவிவதற்குள் பூத்து முடிக்கும் அவசரம் இவற்றுக்கு. பிளட்ரூட்டின் வெள்ளை இதழ்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். பெரும்பாலானவை ஒரு சாண் உயரம்கூட இல்லாதவை. இந்த அவசரமும் குள்ளமும்தான் படமெடுக்கும் முறையைத் தீர்மானிக்கின்றன.

நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பூ சருகோடு சருகாகக் கலந்துவிடும். லென்ஸைப் பூவின் மட்டத்துக்கு இறக்கினால் பின்னணி பல மீட்டர் தள்ளிப்போய், மங்கிய நிறப்பரப்பாகிவிடும். பூ மட்டும் எழுந்து நிற்கும். இதற்குக் கால்களைத் தரையோடு விரிக்கக்கூடிய முக்காலி வேண்டும். அதுவும் உயரம் என்றால் அரிசி நிரப்பிய துணிப்பை போதும். மடக்கித் திருப்பும் திரையுள்ள கேமரா கழுத்துவலியைக் குறைக்கும்.

மேக்ரோ லென்ஸ் பொருளை அதே அளவில், அதாவது 1:1 என்ற கணக்கில், சென்சாரில் பதிக்க வல்லது. ஆனால் அத்தனை நெருக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. முழுச்சட்ட கேமராவில் எஃப்/11 துளையிலும் அது ஒன்றரை மில்லிமீட்டரை எட்டாது. துளையை மேலும் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மழுங்கும். எனவே மகரந்தத் தாள்களில் ஃபோகஸ் வைத்து மற்றதை மங்கவிடுவதே பெரும்பாலும் நல்லது. ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பது இன்னொரு வழி. அதற்குக் காற்று அசையாத காலை வேண்டும்.

வெளிச்சத்தில்தான் உண்மையான சிக்கல். மேகமூட்டத்தின் மென்மையான ஒளியே இதழ்களின் நரம்பைக் காட்டும்; ஆனால் இந்தப் பூக்களில் பல வெயில் இல்லாவிட்டால் விரிவதில்லை. வெயிலில் விரியும்வரை காத்திருந்து, எடுக்கும் நேரத்தில் மெல்லிய வெள்ளைத்துணியைக் குறுக்கே பிடித்து ஒளியைப் பரப்புவதே இதற்குத் தீர்வு. ஹெப்பாட்டிக்காவுக்கு மட்டும் துணியை எடுத்துவிடலாம்: பின்னாலிருந்து வரும் வெயிலில் அதன் தண்டிலுள்ள மென்மயிர்கள் வெள்ளி விளிம்பாக மின்னும். கருத்த சருகின் நடுவே வெள்ளைப் பூ இருந்தால் கேமரா தானாகவே படத்தை அதிகம் வெளுப்பாக்கும். ஒளியளவை ஒரு படிவரை குறைத்தால் இதழின் மடிப்புகள் தப்பும்.

படுத்துப் படமெடுப்பவரின் உடலுக்கு அடியிலும் செடிகள் உண்டு. அதே காடுகளில் பூக்கும் பெரிய வெள்ளை டிரில்லியம் விதையிலிருந்து முதல் பூவுக்கு வர ஏழு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பாதையோரப் பூக்களையே தேர்ந்தெடுங்கள். முழங்கால் ஊன்றுமுன் அந்த இடத்தை ஒருமுறை பாருங்கள். குறுக்கே நிற்கும் செடியைக் கிள்ளாமல் ஒரு குச்சியால் மெல்ல ஒதுக்கிவைத்து, படம் எடுத்ததும் விட்டுவிடுங்கள்.