பச்சையும் நிழலும்

பச்சை குத்துதலைப் பற்றி எழுதப் புகுவோர் குத்தப்பெற்ற உருவங்களின் பொருளை ஆராய்வதோடு அமைந்துவிடுதல் இயல்பு. தேள் எதனைக் குறிக்கும், கோலம் எதனைக் குறிக்கும் என்பன நல்ல வினாக்களே. ஆயின், ஊசி தோலினுள் யாது செய்கின்றது என்னும் வினா எழுவது அரிது. சேலத்திலும், 1997-இல் அதனின்று பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லிலும் இக்கலையை இன்று பயில்வோர்க்கு அவ்வினாவே முதற்கண் இடர் விளைக்கின்றது. கோடு இழுக்க ஒருவாறு கற்றுக்கொண்ட மாணாக்கர், ‘ஷேடிங்’ என்று அவர்கள் வழங்கும் நிழலிடுதலில் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றத்தின் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

சங்க நூல்களிற் பயிலும் தொய்யிலை இதனோடு சேர்த்து எண்ணுவாரும் உளர். தொய்யில் குழம்பால் தோலின்மேல் எழுதப்படுவது, கழுவின் நீங்குவது. பச்சையோ தோலினுள் குத்தப்படுவது. தமிழ் வழக்கு இரண்டற்கும் வெவ்வேறு வினைகளைத் தந்திருத்தலே இதற்குச் சான்றாம்: தொய்யில் எழுதுவர், பச்சை குத்துவர்.

குறவர் குலப் பெண்டிர் ஊர்தோறும் சென்று பச்சை குத்துதலைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். ரங்காச்சாரியின் துணையோடு தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் அவர்களைக் குறிப்பிடுகின்றது. அகத்தியிலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியை வழித்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பது பழைய முறை. சில ஊசிகளை ஒன்றாகக் கட்டி அம்மையிற் குத்துவர். மை கரியதேயாயினும் பெயர் ‘பச்சை’ என நின்றமை கருதத்தக்கது. தோலின் ஆழத்திற் கிடக்கும் கருமையை மேற்றோலின் வழியாகக் காணும்பொழுது, ஒளிச்சிதறலால் அது நீலமும் பசுமையும் கலந்து தோன்றும். நம் முன்னோர் மையின் நிறத்தை விடுத்து, ஆறிய தோலில் தாம் கண்ட நிறத்தையே பெயராக்கினர். இக்கலையைக் கற்போர்க்கு முதற்பாடம் இப்பெயரிலேயே உளது என்போம்: குத்தும்போது காணும் நிறம் வேறு, ஆறியபின் நிற்கும் நிறம் வேறு.

மேற்றோல் ஏறத்தாழ ஒரு திங்களில் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அதில் தங்கிய மை அதனோடு போம். அதற்குக் கீழுள்ள உட்டோலில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் சென்ற மையே நிலைக்கும். ஆண்டுள்ள விழுங்கணுக்கள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வணுக்கள் மடியும்பொழுது வெளிப்படும் மையைப் புதிய அணுக்கள் மீண்டும் பற்றுகின்றன என்பது 2018-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர் எலிகளிடத்துக் கண்ட முடிபு. ஊசி அளவு கடந்து ஆழ்ந்தால் மை கொழுப்படுக்கில் பரவிக் கோட்டைச் சுற்றி நீலப் புகையெனப் படரும். பிறகு அதனைத் திருத்துதல் அரிது.

இனி நிழல். ஓவியன் தூரிகையால் வண்ணத்தைப் பரப்புவான். ஊசிக்குப் பரப்பும் ஆற்றல் இல்லை. அது புள்ளியே இடும். புள்ளிகள் நெருங்கிய இடம் இருள். விலகிய இடம் வெளிச்சம். 1891-இல் நியூயார்க்கில் ஓரைலி என்பார் மின்பொறிக்கு உரிமம் பெற்றபின் புள்ளியிடும் விரைவு பெருகிற்றேயன்றி அடிப்படை மாறவில்லை. இழுப்பின் முடிவில் ஊசியைச் சிறிது சிறிதாக மேலே எடுப்பின் புள்ளிகள் தாமே அருகி மறையும். சாட்டை வீசுவதுபோன்ற இவ்வசைவே பயில்வோர் முதலிற் பழக வேண்டுவது. கையை ஓரிடத்தில் தயங்கவிட்டால் அங்கே கறுந்திட்டு விழும். மையை நீரால் நெகிழ்த்துப் பல கிண்ணங்களில் செறிவு வேறுபட வைத்து இடுவது மற்றொரு முறை. இதற்கு ஊசிகளை இரு வரிசையாகப் பரப்பிக் கட்டிய ‘மேக்னம்’ என்னும் கட்டு ஏற்றது. கோட்டிற்குரிய வட்டக் கட்டினை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடிப்பர். இதனைச் சாய்த்துப் பிடிப்பர். எம்முறையாயினும், போதாதென்று கண்ட இடத்தை அன்றே மீளமீளக் குத்துதல் பெரும் பிழை. தோல் கிழிந்து வடுவாகும்; நிழலும் நில்லாது.

இவையெல்லாம் எங்கும் கற்பிக்கப்படுவனவே. நம் சமவெளியில் ஒரு தனித் தடை உண்டு. பயில்வோர் பார்த்துப் பழகும் படங்கள் பெரும்பாலும் வெண்தோலில் இட்டவை. தோலின் கருநிறமி மேற்றோலில் உள்ளது. மையோ அதற்குக் கீழே கிடப்பது. எனவே நம்மவர் தோலில் எம்மையையும் ஒரு பழுப்புத் திரையினூடே காண்கின்றோம். வெண்தோலில் ஐந்து படியாக விளங்கும் சாம்பல் நிறத்துள் இளையவை இரண்டு நம் தோலில் ஆறியபின் காணாமற்போகும். அவற்றைக் காட்ட வேண்டி மாணாக்கன் மையை மிகுப்பான். உருவம் முழுதும் ஒரே கருமையாய்விடும். படிகளைக் குறைத்து, அவற்றிடை வேறுபாட்டை மிகுத்து, தோலைப் பெரும்பகுதி திறந்தே விடுதல் தக்கது. விட்ட தோலே வெளிச்சமாய் நிற்கும். கருந்தோலில் வடு தடித்து வளர்தல் மிகுதி ஆகலின், மிகைக் குத்தல் இங்கு இரட்டிப்புக் கேடு. இந்நாட்டு மூதாட்டியர் முன்கையில் இன்றும் காணும் பச்சைக் கோலம் பல்லாண்டு கழிந்தும் அறியத்தக்கதாய் நிற்றற்குப் புள்ளிகளுக்கிடையே விட்ட அகலமும் ஒரு காரணம் எனக் கருதுகின்றோம். மை காலப்போக்கில் சிறிது பரவியும், இடைவெளி அதனைத் தாங்கிற்று.

ஒன்று மட்டும் பழமையிற் கொள்ளற்பாலதன்று. ஒரே ஊசிக்கட்டால் பலர்க்குக் குத்துவது குருதிவழிப் பரவும் மஞ்சட்காமாலைக்கு வழி செய்யும். ஒருவர்க்கு இட்ட ஊசி மற்றவர்க்கு ஆகாது.

கை பழகுதற்கு வாழைப்பழத் தோலையும் செயற்கைத் தோலையும் கொள்வர். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. ஆழம் மிகின் பழத்தோல் கன்றிக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். ஆயின், உயிர்த்தோல் ஆறுமாறு அது காட்டாது. ஆதலின் மாணாக்கன் தான் முதலில் இட்டவற்றை ஒரு திங்கள் கழித்து மீண்டும் பார்த்துக் குறித்து வைத்தல் இன்றியமையாதது.

‘ஷேடிங்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். ‘தீட்டல்’ தூரிகைக்குரியது, ‘சாயல்’ உருவ ஒப்புமைக்குச் சென்றுவிட்டது. யாம் ‘நிழலிடல்’ என்பதையே விரும்புகின்றோம். நிழல் என்னும் சொல் இருளைக் குறிப்பதோடு ஒளி என்னும் பொருளும் உடையது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இரு பொருளும் உள. குத்திய புள்ளியும் குத்தாது விட்ட தோலும் அவ்வொரு சொல்லில் அடங்கும்.