மழைக்கு முன் ஒருமுறை கூடாரம் அடித்துப் பார்ப்போம்



ஜமாஅத்தார் தந்த நன்கொடையில் நம் அறக்கட்டளை குடும்பக் கூடாரங்கள் சிலவற்றை வாங்கியிருக்கிறது. அவை பள்ளிவாசல் சாமான் அறையில் கட்டுப் பிரிக்காமல் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு முன்பே ஒருமுறை அடித்துப் பார்த்தாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே தெருக்களில் தண்ணீர் நின்றது. வெள்ளம் நிற்கும்போது கூடாரத்தால் பயனில்லை. இடுப்பளவு நீரில் எங்கே அடிப்பது? அப்போது பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும்தான் கை கொடுக்கும். நீர் வடிந்து, சேறு அள்ளி, சுவர் காயும் வரையுள்ள நாட்கள்தான் கூடாரத்துக்கான நாட்கள். மண்டபத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், வீட்டுக்குள் படுக்க முடியாது. அந்நேரம் தூறல் இருக்கும், மின்சாரம் இருக்காது. இருட்டில் எந்தக் கம்பு எதில் செருகும் என்று தேடிக்கொண்டு நிற்க முடியுமா?

இன்னொரு காரணம் துணியிலேயே இருக்கிறது. பருத்தி கலந்த புதிய கித்தான் துணியில் தையல் ஊசி போன துளைகள் திறந்தே இருக்கும். ஒருமுறை நன்றாக நனைந்து காய்ந்தால் நூல் உப்பி அந்தத் துளைகள் அடைபடும். ஆகவே முதல் முறை அடித்ததும் குழாய்த் தண்ணீரை மேலே பீய்ச்சி நனைத்து, அப்படியே காய விடவேண்டும். இதைச் செய்யாத புதுக் கூடாரம் முதல் மழையில் தையல் வழியே ஒழுகும். வாங்கியது மட்டம் என்ற பேச்சும் கிளம்பும்.

நாம் வாங்கியிருப்பது 4 மீட்டருக்கு 4 மீட்டர், சுமார் 13 அடிக்கு 13 அடி தரை கொண்டது. ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பது நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் நெறிமுறை. அப்படிப் பார்த்தால் நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சரியாக இருக்கும். கயிறுகள் வெளியே இழுபடுவதற்குச் சுற்றிலும் ஐந்தாறு அடி கூடுதலாக வேண்டும். மூட்டையின் எடை 50 கிலோவுக்கு மேல், ஒருவரே தூக்க முயல வேண்டாம்.

இடம் மேடாக இருக்கட்டும். மரத்தடி வேண்டாம், 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தோம். வடகிழக்குப் பருவக் காற்றும் சாரலும் பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதைப் பெயரே சொல்கிறது. வாசலை அதற்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

முதலில் கல், முள் பொறுக்கித் தரைவிரிப்பை விரிக்க வேண்டும். வாசல் ஜிப்புகளை மூடிவிட்டே நான்கு மூலைகளிலும் முளை அடிக்க வேண்டும். திறந்து வைத்து அடித்தால் பிறகு ஜிப் சேராது. பலரும் தடுமாறுவது இங்கேதான். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். பிறகு முகட்டுக் கம்பை மாட்டி, ஆளுக்கொரு கம்பமாகப் பிடித்து ஒரே நேரத்தில் நிமிர்த்த வேண்டும். பக்கக் கம்புகளும் கயிறுகளும் அதற்குப் பிறகுதான். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சரளை மண்ணானால் கடப்பாரையால் குழி போட்டுக்கொள்ளுங்கள். ஏரியோரக் களிமண்ணானால் ஊறியதும் முளை நழுவும். அதன்மேல் ஒரு மணல் மூட்டை அவசியம்.

மொட்டை மாடியில் அடிப்பவர்கள் முளையைத் தொடவே வேண்டாம். தட்டோடு உடைந்தால் அடுத்த மழை வீட்டுக்குள் இறங்கும். மணல் மூட்டைகளில் மட்டும் கட்டுங்கள். புயல் அறிவிப்பு வந்துவிட்டால், மாடியானாலும் தரையானாலும், கூடாரத்தைப் பிரித்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

தரைவிரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; மழைநீரை அதுவே உள்ளே வாங்கிவிடும். சுற்றிலும் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டிப் பள்ளமான பக்கம் வடியவிடுங்கள். நைலான் கயிறு நனைந்தால் தொய்யும், இழுத்துக் கட்ட வேண்டும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், சற்றுத் தளர்த்த வேண்டும். மழை பெய்யும்போது பிள்ளைகள் உள்ளிருந்து துணியில் கை வைத்தால் அந்த இடத்தில் ஈரம் கசியும்.

உள்ளே அடுப்பு கூடவே கூடாது. மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் கூடாது. 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் எரிவாயு அடுப்பில் தொடங்கிய தீ சுமார் 70,000 கூடாரங்களை எரித்தது. 343 ஹாஜிகள் வஃபாத்தானார்கள். நம் நாட்டவரும் அவர்களில் உண்டு. அதன் பிறகுதான் சவூதி அரசு தீப்பிடிக்காத கண்ணாடியிழைக் கூடாரங்களை அங்கே நிறுவியது. நம்மிடம் இருப்பது வெறும் துணி. இரண்டு கூடாரங்களுக்கு நடுவே அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு இடைவெளி விடச் சொல்வதும் தீ தாவாமல் இருக்கத்தான்.

பிரித்த கூடாரத்தை ஈரத்தோடு மடித்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நாட்களில் பூஞ்சை பிடித்துவிடும். முளைகளை எண்ணிப் பையில் போடுவதையும் மறக்க வேண்டாம்.

இன்ஷா அல்லாஹ், ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசல் திடலில் பயிற்சி வைக்க இருக்கிறோம். நாளை ஜும்ஆவில் அறிவிப்போம். சகோதரிகளும் அவசியம் வாருங்கள், உங்களுக்குத் தனி நேரம் ஒதுக்கப்படும். 2015-இல் மழை கொட்டியது வேலை நாளில். பல வீடுகளில் ஆண்கள் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள், வளைகுடாவில் இருந்தவர்கள் தொலைபேசியில் அழுததைத் தவிர என்ன செய்ய முடிந்தது? சுத்தியல், கையுறை வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். காலை நாஷ்டா அறக்கட்டளையின் பொறுப்பு.