கரைவலைப் பாட்டும் கணினியும்

மீனும் உப்பும் மட்டுமே கடலோர ஊர்களின் செல்வம் அல்ல; பாட்டும் அவற்றின் செல்வமேயாகும். புத்தளம் மாவட்டத்திலே, சிலாபத்துக்கு வடக்கே கடலை அணைத்துக் கிடக்கும் உடப்பு என்னும் தமிழ்க் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் ஆலயத்தில் நிகழும் தீமிதிப்பால் பெயர்பெற்ற ஊர் அது. கரைவலை இழுக்கையில் பாடப்படும் அம்பாப் பாடல்களாலும் பெயர்பெற்றது. ஒருவர் முன்னடி பாட, வடம் பிடித்தோர் யாவரும் ஒருங்கே பின்னடி பாடி இழுப்பர். பாட்டின் தாளமே அங்குக் கைகளின் தாளம். வலையை இயந்திரம் இழுக்கத் தொடங்கினால் அத்தாளத்துக்கு வேலையில்லை. வேலை இழந்த பாட்டு விரைவில் நினைவையும் இழக்கும். பாடத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அதைப் பதிந்து வைப்பது நம் கடமையன்றோ?

“கைத்தொலைபேசி போதாதா?” என மாணவர் வினவலாம். 1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1906 முதல் பேலா பார்டொக் என்ற இசையறிஞர் அத்தகைய கருவியுடன் ஹங்கேரி நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று குடியானவர் பாடல்களைப் பதிவு செய்தார். பாடுவோர் எத்தனை பேராயினும், அவர்கள் குரல்கள் எல்லாம் ஒரே குழலிற் புகுந்து ஒரே தடத்தில் விழுந்தன. கைத்தொலைபேசியும் அவ்வாறே ஓரிடத்தில் நின்று கேட்கும் செவிதான். அலையின் இரைச்சலும் பலர் குரலும் சேர்ந்து, முன்னடி பாடுபவரின் சொற்களை விழுங்கிவிடும். இன்றைய மென்பொருள்கள் கலந்த ஒலியை ஓரளவு பிரித்தாலும், அமுங்கிய சொல்லை முழுமையாக மீட்டுத் தருவதில்லை.

இக்குறையைத் தீர்க்கவல்லது டிஜிட்டல் மிக்ஸர். முன்னடி பாடுபவருக்கு ஒரு மைக், பின்னடி பாடுவோருக்கு இரண்டு, கடலோசைக்கு ஒன்று என நான்கு மைக்குகளை இணைத்து, நான்கையும் தனித்தனித் தடங்களாகப் பதியலாம். பிறகு வீட்டில் அமைதியாக இருந்து, வேண்டிய குரலை உயர்த்தலாம். வேண்டாத ஓசையைத் தாழ்த்தலாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியது

“யூ.எஸ்.பி. உண்டு” என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்கலாகாது. பெரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ் ஏர் வரிசையே இதற்குச் சான்று. அவற்றுள் எக்ஸ்ஆர்12 என்பது, கலந்து முடிந்த இரு தடங்களை மட்டுமே பென் டிரைவில் எழுதும். எக்ஸ்ஆர்18 ஆனது 18 தடங்களைத் தனித்தனியே கணினிக்கு அனுப்பும். ஸூம் நிறுவனத்தின் லைவ்ட்ராக் எல்-8 போன்றவை, கணினியின்றியே எஸ்.டி. அட்டையில் தனித்தடங்களாகப் பதிவு செய்யும். நான்கு சிறு மின்கலங்களாலும் இயங்குமாதலின், மின்சாரம் எட்டாத கடற்கரைக்கு இதுவே தக்கது. ஆகவே, “கணினிக்கோ அட்டைக்கோ எத்தனை தடங்கள் தனித்தனியே போகும்?” என்பதே கடைக்காரரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

இணைக்கும் முறை

மிக்ஸரைக் கணினியுடன் யூ.எஸ்.பி. வடத்தால் இணைப்பதே சிறந்தது. விண்டோஸ் கணினியாயின் மிக்ஸர் நிறுவனத்தாரின் ஏஸியோ டிரைவரை முதலில் நிறுவுக. ரீப்பர் போன்ற பல்தட மென்பொருளில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒவ்வொரு உள்வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும். இல்லையேல் எல்லாத் தடங்களிலும் ஒரே குரலே பதியும்.

மிக்ஸரின் வெளிவழியை மடிக்கணினியின் மைக் துளையிற் செருகுவோர் உளர். அத்துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். மிக்ஸர் தருவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். ஒலி சிதைவது திண்ணம்.

விநாடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்பது போதிய அளவு. நான்கு தடங்களுக்கு மணிக்கு ஏறக்குறைய 2 கிகாபைட் இடம் வேண்டும். மிக்ஸரும் கணினியும் ஒரே அளவில் இருத்தல் அவசியம். 44,100இல் பதிந்ததை 48,000 எனக் கொண்டு ஒலிக்கவிட்டால் சுருதி உயரும். ஒரு மணி நேரப் பாட்டு 55 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒலியளவின் உச்சம் எல்லைக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்கட்டும். மடி கரையை நெருங்குகையில் குரல்கள் ஓங்கும். எல்லை தாண்டிய டிஜிட்டல் ஒலியைச் செப்பனிட முடியாது. மைக்குக்குக் காற்றுறை இடுக. 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியைத் தடுத்தால் காற்றின் உறுமல் பெரிதும் அடங்கும். உப்புக் காற்று உலோக முனைகளைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலின், பணி முடிந்ததும் கருவியைத் துடைத்து மூடி வைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! பாடுவோரின் இசைவைப் பெற்ற பின்னரே பதிவைத் தொடங்குங்கள். பாடியவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றைப் பாட்டோடு சேர்த்து எழுதி வையுங்கள். மூன்று படிகள் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். முதற்படி பாடிய ஊருக்கே உரியது.