400 மார்க் எடுத்தாலும் பெயில் ஆகலாம்! 10, பிளஸ் 2 பாஸ் கணக்கு இதுதான்

முத்தாண்டிக்குப்பம்:

பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் முத்தாண்டிக்குப்பம், நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "உங்க பையன் மொத்தம் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி.

ஆனால் பாஸா, பெயிலா என்பதை மொத்த மார்க் முடிவு செய்வதில்லை. முந்திரி தோப்புக்கும், சுரங்கத்து காண்டிராக்ட் வேலைக்கும் போய் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் பலருக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வர என்னென்ன வேண்டும்? இதோ விவரம்.

175 வந்தால் போதுமா?

பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என 5 பாடம். பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 500 மார்க். ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால்தான் பாஸ்.

ஐந்து 35 சேர்ந்தால் 175 வரும். அதனால் "175 தாண்டியாச்சு, பாஸ்தான்" என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தப்பு. நாலு பாடத்தில் தலா 92 எடுத்து, கணக்கில் மட்டும் 34 எடுத்த மாணவனுக்கு மொத்தம் 402 வரும். ஆனாலும் அவன் கணக்கில் பெயில். ஒரே ஒரு மார்க் அவனை நிறுத்திவிடும்.

அறிவியலில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். பிராக்டிக்கல் அன்று காய்ச்சல், கல்யாணம் என்று வீட்டில் இருந்துவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்தும் பிரயோஜனம் இல்லை. பிராக்டிக்கல் தேதியை பெற்றோரும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பிளஸ் 2 கணக்கு வேறு

பிளஸ் 2-வில் 6 பாடம், 600 மார்க். முன்பு இருந்த 1200 மார்க் முறை 2017-18ல் பிளஸ் 1-ல் சேர்ந்தவர்களில் இருந்து மாறிவிட்டது. இங்கும் பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ். ஆனால் அந்த 35 எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

* செய்முறை உள்ள பாடங்கள் (இயற்பியல், வேதியியல் போன்றவை): எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் மட்டும் குறைந்தது 15 வேண்டும்.

* செய்முறை இல்லாத பாடங்கள் (தமிழ், ஆங்கிலம் போன்றவை): எழுத்து 90, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 25 வேண்டும்.

உதாரணத்துக்கு இயற்பியலில் செய்முறை 20, அகமதிப்பீடு 10 என முழுசாக வாங்கிய மாணவி எழுத்தில் 14 எடுத்தால் மொத்தம் 44 வரும். 35-ஐ தாண்டியும் அவர் பெயில்தான். "வாத்தியார் போடுற மார்க்கே போதும்" என்று இருந்துவிட முடியாது.

அகமதிப்பீட்டு மார்க்கை பள்ளியில்தான் போடுவார்கள். வருகைப்பதிவு, வகுப்புத் தேர்வு எல்லாம் இதில் சேரும். முந்திரி சீசனில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று பிள்ளையை நிறுத்தி வைத்தால் மார்க் அங்கேதான் குறையும்.

பிளஸ் 1 பொதுத்தேர்வு 2017-18ல் வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் அது ரத்து செய்யப்பட்டது.

பாஸ் ஆகாவிட்டால் என்ன நஷ்டம்?

நம்ம பக்கத்தில் இருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதிகம். பத்தாம் வகுப்பு பாஸ் சான்று இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். முத்திரை விழும். அப்படி இருந்தால் சவுதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக தனியாக குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது பாஸ் ஆனவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை.

பாலிடெக்னிக் சேர பத்தாவது பாஸ் கட்டாயம். ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது போதும். பிட்டர், எலக்ட்ரீசியன் என்றால் பத்தாவது வேண்டும். என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் கனவில் இருக்கும் பசங்களுக்கு முதல் படியே இதுதான்.

பெயில் ஆனவர்கள் என்ன செய்யலாம்?

2025-ல் பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதம் பேர் பாஸ். அதாவது நூற்றில் ஆறு பேர் தேறவில்லை. அவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை.

1. ரிசல்ட் வந்த உடனே துணைத்தேர்வு அறிவிப்பு வரும். பெயிலான பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பாஸ் ஆனால் அதே வருஷமே மேல்படிப்பில் சேரலாம். விண்ணப்பிக்க நாள் குறைவாகத்தான் இருக்கும். படித்த பள்ளிக்கே போய் கேளுங்கள்.

2. பிளஸ் 2 மார்க்கில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். இதற்கும் கடைசி தேதி உண்டு.

3. பள்ளியை விட்டு நின்றவர்கள் பதினாலரை வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்பை தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பரீட்சை நேரத்தில் போய் நின்றால் ஒரு வருஷம் வீண்.

பெயரைச் சரிபாருங்கள்

தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தயாரிப்பார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். மார்க் சீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் ஆதார், பாஸ்போர்ட் என எல்லா இடத்திலும் இடிக்கும். பிறகு திருத்த நடையாய் நடக்க வேண்டி வரும்.

ரிசல்ட் அன்று மார்க் குறைந்த பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள். மனசு உடைந்து போயிருந்தால் 14417 அல்லது 104 என்ற எண்ணில் பேசலாம். ஒரு பாடம் போனால் அதை இன்னொரு முறை எழுதிக்கொள்ளலாம். பிள்ளை போனால் வராது.